மேட்டகள்ளியில் இறங்குகிறவள்

கர்நாடகத்தில் பெண்களுக்கு நகரப் பேருந்து இலவசம் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆதார் அட்டையைக் காட்டினால், தொகை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் அச்சிட்ட சீட்டு ஒன்று கண்டக்டரின் இயந்திரத்திலிருந்து வரும். அதனால்தான், மைசூர் ஒண்டிகொப்பலில் ஏறிய அந்தப் பெண் உள்ளங்கையில் சில்லறையை வைத்து நீட்டியபோது கண்டக்டர் ஜீவிதாவுக்கு எரிச்சல் வந்தது.

"ஆதார் தோர்சம்மா" என்று கன்னடத்தில் காட்டச் சொன்னாள்.

"ஆதாரா? அதென்ன எழவோ" என்று அந்தப் பெண் தனக்குள் தமிழில் முனகினாள்.

கொள்ளேகால் பக்கத்துத் தமிழ். ஜீவிதாவின் வீட்டில் பேசுவதும் ஏறக்குறைய அதுதான். அவளை அறியாமல் சிரிப்பு வந்தது.

"எந்த ஊருங்க நீங்க? லேடீஸுக்குக் காசு இல்லைன்னு ஆகி ரெண்டு வருசமாச்சே."

"ஏனுங்க்கா, என்னையக் கேலி பண்றீங்களா? ஓசியில ஏத்திட்டுப் போக இதென்ன மகாராசா வண்டியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்ணின் விரல் நுனிகள் கறுத்திருந்தன. ஊதுபத்திக்குக் கரிமாவு பிசைகிறவர்களின் விரல்கள் அப்படித்தான் இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஜீவிதா சில்லறையை வாங்காமல் சீட்டைக் கொடுத்தாள். மேட்டகள்ளி வந்ததும் விசில் ஊதினாள். நடுக்கதவு புஸ்ஸென்று திறந்தது. பெண் இறங்கினாள்.

கதவு திறந்திருந்த அந்த நேரத்தில் ஜீவிதா வெளியே பார்த்தாள். தினமும் பார்க்கிற மொபைல் கடையும் பேக்கரியும் அங்கே இல்லை. ஒரு வயல் இருந்தது. அறுவடை முடிந்த வயல். தூரத்தில் ஓட்டு வீடுகள். ஒரே ஒரு மின்கம்பத்தின் கீழ் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். வைக்கோல் வாசனை படிக்கட்டு வரை ஏறி வந்தது. கதவு மூடியது. கண்ணாடிக்கு வெளியே பேக்கரியின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

ஜீவிதாவின் கை ஒரு கம்பியைப் பிடித்திருந்தது. அடுத்த நிறுத்தம் வரை அந்தக் கையை எடுக்க முடியவில்லை.

ஜீவிதாவைத் தைரியசாலி என்று சொல்லிவிட முடியாது. அவளுடைய குரலைக் கேட்டவர்கள் அப்படி நினைப்பார்கள். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று முன்னால் போகச் சொல்லி அவள் கத்தினால் பின்படிக்கட்டில் நிற்கிறவன்கூட ஒரு அடி உள்ளே வருவான். ஆனால் நிறையப் பயப்படுகிறவர்கள்தான் குரலை அப்படி வளர்த்துக்கொள்கிறார்கள். செக்கிங்குக்குப் பயம், கணக்கில் குறைந்துவிடுமோ என்று பயம், கூட்டத்தில் இடிக்கிற முழங்கைக்குப் பயம். எல்லாவற்றுக்கும் மேல், வீட்டில் அம்மா மாதம்மா கேட்கிற கேள்விக்குப் பயம்.

அப்பா காளியப்பன் கோபிநத்தத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். சித்தாளாக வந்து கொத்தனாராகி, ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். மகள் பரீட்சை எழுதிக் கண்டக்டர் ஆனாள். காக்கிச்சட்டையைப் பார்த்து அம்மா அழுதாள். அதன் பிறகு மாப்பிள்ளைகளைக் கொண்டுவர ஆரம்பித்தாள். ஒவ்வொருவரிடமும் ஒரு குறை கண்டுபிடித்து ஜீவிதா முப்பத்தொன்றுக்கு வந்துவிட்டாள். குறை மாப்பிள்ளைகளிடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தனக்குப் பெண்கள்மேல்தான் ஆசை என்று அவள் கண்ணாடியிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

வண்டியில் அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல், டிரைவர் யுவன். ஒப்பந்தத்தில் சேர்ந்த பையன், இருபத்தைந்துகூட ஆகவில்லை. டிரைவரும் கண்டக்டரும் ஒரு நாளின் பெரும்பகுதியைச் சேர்ந்து கழிக்கிறவர்கள். ஒத்துப்போகாவிட்டால் நரகம். இவர்கள் ஒத்துப்போனார்கள். கடைசி நிறுத்தமான கூர்கள்ளியில் அவள் டிபன் பாக்ஸிலிருந்து பாதியை அவன் உரிமையோடு எடுத்துக்கொள்வான். "அக்கா, உங்கம்மா உப்பை மறந்துட்டாங்களா, இல்ல உப்பு மேல கோவமா?" என்பான். தமிழை விடக் கன்னடம்தான் அவனுக்குச் சரளம். அவளுக்காகத் தமிழ் பேசுவான்.

அந்தப் பெண் மறுநாளும் ஏறினாள். பெயர் வடிவு. அடுத்த வாரமும் ஏறினாள். இரண்டு பேரும் பயந்துகொண்டேதான் பேச ஆரம்பித்தார்கள். வடிவு ஏறுகிற இடத்தில் வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஏறியதும் தானாக மூடும் கதவும், எல்லோர் கையிலும் ஒளிர்கிற சிறு பலகையும், தனக்குத் தெரிந்த சாலையில் தெரியாத கட்டடங்களும். முதல் நாள் அவள் காய்ச்சல் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் பேய் என்று நினைத்தாள். மூன்றாம் நாள், கண்டக்டரம்மா இன்னும் அதே மாதிரி சிரிக்கிறாளா என்று பார்க்கத்தான் ஏறினாள். இதை அவளே பின்னால் சொன்னாள்.

ஏன் இந்த வண்டி, ஏன் அந்த நிறுத்தம் என்று ஜீவிதா யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயம். நடந்துபோன நாள் எங்கேயும் போய்விடவில்லை, நாம்தான் அதைவிட்டுக் கடந்து வந்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டால் இதில் பெரிய அதிசயம் இல்லை. அவளுக்கு அந்த யோசனை எல்லாம் இல்லை. ஒண்டிகொப்பல் வந்ததும் கதவைப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

"ஏனுங்க்கா" என்பது எப்போது "ஜீவி" ஆனது என்று இருவருக்கும் நினைவில்லை. கண்டக்டர் இருக்கையில் ஒருவர்தான் உட்கார முடியும். ஒட்டி உட்கார்ந்தால் இரண்டு பேர். தோல்பை மடியில் இருக்கும். அதன் மறைவில் வடிவின் கறுத்த விரல்கள் ஜீவிதாவின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். அந்தக் கறை வீடு வரை வந்தது. "இதென்னடி கையெல்லாம் கரி?" என்று அம்மா கேட்டபோது ஜீவிதாவுக்கு நடுக்கத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. கரி நிஜம் என்றால் அவளும் நிஜம்.

"எனக்கு ஆம்பளைக மேல ஆசையே வந்ததில்ல, ஜீவி" என்று ஒரு நாள் வடிவு சொன்னாள். சொல்லிவிட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டாள். "ஏதோ வியாதியாக்கும்னு இருந்தேன்."

"வியாதி இல்ல. இப்பல்லாம் கோர்ட்டே தப்பில்லைன்னு சொல்லிடுச்சு."

"கோர்ட்டுக்கு எதுக்கு இது தெரியோணும்?" என்று வடிவு திகைத்தாள். பிறகு, "அப்ப உங்கம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"அட போ. அப்புறம் என்ன பெரிய கோர்ட்டு!"

ஒரு முறை மேட்டகள்ளியில் வடிவு கீழே நின்றுகொண்டு கையை நீட்டினாள். "எறங்கி வா. ஒரே ஒரு நிமிசம். எங்க ஏரியைக் காட்டறேன்." ஜீவிதா கடைசிப் படியில் ஒரு காலை வைத்தாள். காற்று வேறு மாதிரி, குளிராக இருந்தது. அந்தக் காற்றில் நின்றுவிட்டால் கேசரே வீட்டில் அம்மா தனியாகச் சோறு ஆக்கிவைத்துக் காத்திருப்பாள், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பாள் என்று தோன்றியது. காலை எடுத்துவிட்டாள். "எனக்குப் பயம், வடிவு" என்றாள். கதவு மூடும்போது வடிவின் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பரவாயில்லை என்று ஜீவிதா அன்றெல்லாம் நினைத்தாள்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு சாயங்காலம் வடிவு அழுத முகத்தோடு ஏறினாள். வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். மாப்பிள்ளை அவளுடைய சொந்தத் தாய்மாமன். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவன். அக்கா மகள் பிறந்த அன்றே அவளுக்கு யார் புருஷன் என்பது அவர்கள் வீட்டில் முடிவாகிவிடுகிற விஷயம். யாரும் அதை யோசிப்பதுகூட இல்லை.

"தூக்கி வளத்த கையி, ஜீவி. என்னைய இடுப்புல வச்சுக் கொள்ளேகால் தேர் காட்டுன மனுசன். அந்தாள் கூட..." அவள் முடிக்கவில்லை. "இன்னிக்கு நான் எறங்க மாட்டேன். கடேசி வரைக்கும் வாரேன். உன்ற ஊட்டுல ஒரு மூலை குடு, போதும்."

இதைத்தான் ஜீவிதாவும் விரும்பினாள். கேட்கத் தைரியம் இல்லாமல் இருந்தாள். மேட்டகள்ளி வந்தது. இறங்க வேறு யாரும் இல்லை. அவள் விசில் ஊதவில்லை. கதவு திறக்கவில்லை. பேக்கரி நகர்ந்து பின்னால் போனது. வடிவு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஜீவிதாவுக்குத் தோன்றியது.

சாலையில் ஒரு பள்ளம். வண்டி தூக்கிப் போட்டது. "யுவா, மெதுவா போடா!" என்று கத்தினாள்.

"யாரம்மா யுவா?" என்று கன்னடத்தில் பதில் வந்தது.

கட்டைக் குரல். ஜீவிதா எழுந்து எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங்கின் பின்னால் நரைத்த கிருதாவோடு ஒரு பருத்த மனிதர். கண்ணாடியில் அவளைப் பார்த்து, "தலை சுத்துதா தாயி? மத்தியானம் சாப்பிட்டியா?" என்றார். பல நாள் பழகிய குரலில் கேட்டார். முன்சீட்டில் தினமும் வருகிற மில்காரம்மா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். யாருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. யுவன் இல்லை. இல்லை என்பதைவிட மோசம், இருந்ததே இல்லை. அவளுக்கே அவன் முகம் சட்டென்று நினைவுக்கு வர மறுத்தது. உப்பைப் பற்றி ஏதோ சொல்வானே, என்ன சொல்வான்?

வடிவு இறங்காததால்தான் இது என்று மட்டும் பட்டது. அவள் விசிலை வாயில் வைத்து மூச்சுள்ளவரை ஊதினாள். வண்டி நடுரோட்டில் நின்றது. கதவு திறந்தது. வெளியே இருட்டத் தொடங்கிய வயல்.

"எறங்கு!"

"ஜீவி?"

"எறங்கு வடிவு, சாமி சத்தியமா, எறங்கு!"

கையைப் பிடித்து இழுத்து, முதுகில் கைவைத்துத் தள்ளினாள். வடிவு வரப்பில் தடுமாறி விழுந்ததைக் கண்ணால் பார்த்தாள். கதவு மூடியது.

"அக்கா! ஸ்டாப்பே இல்லாத எடத்துல யாரை எறக்குறீங்க? மேலதிகாரி பாத்தா எனக்குத்தான் மெமோ" என்றான் யுவன்.

ஜீவிதா கண்டக்டர் இருக்கையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கூர்கள்ளியில் அன்றிரவு அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அவன் பக்கம் நகர்த்தினாள். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பயப்படுவது மேல் என்று மனிதர்கள் ஏனோ நம்புகிறார்கள்.

"யுவா, உங்கம்மா பேர் என்ன?"

"எதுக்கு? ஜாதகம் பாக்குறீங்களா எனக்கு? பொண்ணு செவப்பா இருக்கணும், சொல்லிட்டேன்."

"சொல்லேன்டா."

"வடிவு." அவன் சோற்றைப் பிசைந்தான். "இப்ப இல்ல."

"எறந்துட்டாங்களா?"

"செத்திருந்தா படமாவது மாட்டியிருப்போம். போயிருச்சு. எனக்கு எட்டு வயசு முடிஞ்ச மறுநாள். மொத நாள் கிண்டுன கேசரி அடுப்பு மேலயே இருந்துச்சு. எனக்குத் தலை சீவி ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, அப்படியே போயிருச்சு. அப்பா தேடாத எடமில்ல." பிறகு அவனாகவே சிரித்தான். "பிடு அக்கா, விடுங்க. பழைய கதை. இன்னிக்குக் கொழம்புல உப்பு கரெக்டா இருக்கு."

வடிவு பல நாள் வரவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஒண்டிகொப்பலில் கதவு திறக்கும்போது ஜீவிதா இரண்டுக்கும் பயந்தாள். வராமல் போய்விடுவாளோ என்றும், வந்துவிடுவாளோ என்றும். வந்தபோது வடிவின் முழங்கையில் காய்ந்த சிராய்ப்பு இருந்தது. அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றாள்.

யுவன் மறைந்துபோனதையும், அவன் அவளுக்குப் பிறக்கப்போகிற பையன் என்பதையும் ஜீவிதா சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. நடுநடுவே சீட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. வடிவு குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப, இன்னும் பொறக்காதவனுக்காக என்னையப் புடிச்சுத் தள்ளிட்ட."

"உனக்குத்தான் பொறக்கல. எனக்கு அவன் தெனமும் என் சோத்துல பாதி திங்கிறவன்."

"நான் வந்தா அவன் இல்ல. நான் போனா அந்தாள் கூடப் படுக்கோணும். நீ எறங்கி வான்னா உனக்குப் பயம். ஆக மொத்தம் நாந்தான் எறங்கோணும். நல்ல நாயம் பேசற கண்டக்டரம்மா."

நியாயம் இல்லாத ஒன்றுக்குப் பதில் தேடுவதே இன்னொரு அநியாயம் என்று ஜீவிதாவுக்குப் பட்டது. "உன்னைப் போன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "இருன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் வராது."

வடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் தடுப்புக் கம்பியைப் பிடித்து நின்றாள். யுவன் ஏதோ கன்னடப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினான். அவன் திரும்பிவிடக் கூடாதே என்று ஜீவிதா நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வடிவு அவனைத் தொடவில்லை. வண்டி மூன்று முறை நின்று கிளம்பும் வரை அப்படியே நின்றாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"எங்கப்பன் காது" என்றாள். "அப்படியே எங்கப்பன் காது." பிறகு, "நான் அவனை நல்லாப் பாத்துக்கிட்டனா?"

ஆமாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சாகும்வரை பாத்துக்கிட்ட என்று சொல்லியிருக்கலாம். ஜீவிதா மற்ற எல்லோரிடமும் பொய் சொல்லி வாழ்ந்தவள். இவளிடம் மட்டும் சொன்னதில்லை.

"பாத்துக்கிட்ட. அவனுக்கு எட்டு வயசு முடியற வரைக்கும்."

"அப்புறம்?"

"அதுக்கு மறுநாள் நீ போயிட்ட. எங்கன்னு யாருக்கும் தெரியாது."

சொல்லி முடித்ததும் வடிவின் முகத்தில் ஒன்று மாறியது. ஜீவிதா அழுகையை எதிர்பார்த்தாள். வந்தது நிம்மதி. ஜெயிலுக்குப் போகப்போகிறவனிடம் விடுதலைத் தேதியைச் சொன்னால் வருகிற நிம்மதி. உதட்டுக்குள் வடிவு அந்த வயதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வதை ஜீவிதா பார்த்தாள். ஏன் எட்டு முடிந்த மறுநாள், ஏன் கேசரி அடுப்பில் இருக்கும்போதே என்பது அப்போதுதான் புரிந்தது. யுவனின் அம்மாவை அவனிடமிருந்து எடுத்தது தன் வாய்தான். சொன்னதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அவன் ஏற்கெனவே அம்மா இல்லாமல் வளர்ந்து, லைசென்ஸ் வாங்கி, முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் வடிவு. நான் சொன்னதை மறந்துரு. அவனை விட்டுட்டுப் போகாத."

"இப்பத்தான போயிட்டன்னு சொன்ன?" வடிவு அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. "விசில் ஊது. மேட்டகள்ளி வருது."

கதவு திறந்தது. வடிவு ஜீவிதாவின் கன்னத்தில் கை வைத்தாள். கரி ஒட்டியது. "இந்த வண்டிய விட்டுப் போயிராத" என்று சொல்லிவிட்டு இறங்கி, வரப்பில் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் ஏறவில்லை. மேட்டகள்ளியில் கதவு திறக்கும்போதெல்லாம் பேக்கரிதான் இருந்தது.

ஜீவிதா வேலைக்குப் போனாள், வந்தாள். மார்கழியில் ஒரு இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம், "எனக்கு மாப்பிள்ளை பாக்காதம்மா. எனக்கு ஆம்பளை வேண்டாம், எப்பவுமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். மாதம்மா தட்டைக் கழுவப் போய் வெகுநேரம் திரும்பவில்லை. இப்போதும் இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. இதைத் தைரியம் என்று எழுதலாம். வடிவு அனுபவிக்கப் போனதற்கு முன்னால் அது எம்மாத்திரம் என்றுதான் ஜீவிதா நினைத்தாள்.

யுவனோடு சாப்பிடும்போது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றையும் அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதையும் கேலி செய்தான்.

பொங்கல் கழிந்த ஒரு மதியம் கூர்கள்ளியில் அவன் டிபன் பாக்ஸைத் தொடவில்லை. கைபேசியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

"அம்மா போன் பண்ணுச்சு" என்றான்.

ஜீவிதா டிபன் பாக்ஸை மூடினாள்.

"கொள்ளேகால் அத்தைகிட்ட நம்பர் வாங்கிச்சாம். இத்தனை வருசம் கழிச்சு. சாப்பிட்டியா, நல்லாருக்கியா, ஒண்ணும் கேக்கல. எடுத்த எடுப்புல அழுதுச்சு. அப்புறம் என்ன கேட்டுச்சு தெரியுமா? எந்த ரூட்டுல ஓட்டுற, உன் கண்டக்டர் யாருன்னு." அவன் நிமிர்ந்து பார்த்தான். கேலி எதுவும் இல்லாத, எட்டு வயதுப் பார்வை. "எனக்கு வந்த கோவத்துல கட் பண்ணிட்டேன். மறுபடி அடிக்குது. உங்களை எதுக்குக் கேக்குது? உங்களுக்கு அதைத் தெரியுமாக்கா?"

அவன் கையில் கைபேசி அதிர்ந்தது. அழைப்பு வந்துகொண்டிருந்தது. அந்தக் குரலுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். அது ஆசையோடு வருகிறதா, கணக்குத் தீர்க்க வருகிறதா என்று ஜீவிதாவால் சொல்ல முடியவில்லை. இவனிடம் உண்மையைச் சொன்னால் இவன் மறுபடி தன் சோற்றைத் தொடுவானா என்பதும் தெரியவில்லை. இறங்கி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அவள் ஓடவில்லை.

"தெரியும்" என்றாள். இன்னொரு முறை சொன்னாள். "தெரியும்டா. உங்கிட்டச் சொல்றேன், எல்லாத்தையும். மொதல்ல நீ போனை எடு. எம் பேரைச் சொல்லு."